அடியில் பொறித்த எண்

நஞ்சுண்டன் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து அதை அணைத்தான். கட்டிலில் தான் படுத்திருந்த பாதியை மட்டும் இழுத்துச் சரி செய்தான். மறுபாதி கலைவதே இல்லை. பல் துலக்கினான், முகம் மழித்தான். காபிக் குடுவையில் நான்கு கோப்பையிலிருந்துதான் கோடு ஆரம்பிக்கும். அதற்குக் கீழே குத்துமதிப்பாகத் தண்ணீர் ஊற்றினான். இரண்டு ரொட்டியைச் சுட்டு நின்றபடியே தின்றான். முந்தின நாள் சோற்றில் தயிரைப் பிசைந்து டப்பாவில் அடைத்தான். வெள்ளிக்கிழமை என்பதால் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டுபோய் வைத்தான். கார் வெளியே நின்றது. கராஜுக்குள் விட இடம் இருந்தது. அவன் விடுவதில்லை.

பிளேனோவிலிருந்து ரிச்சர்ட்சன் ஆபீசுக்கு ஃப்ரீவேயில் அரை மணி நேரம். வலது லேனிலேயே போனான்.

மனைவி செல்வி செத்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். முப்பது வயது ஆகவில்லை. அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு, மாமியார் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு, திரும்பி வந்து வேலையில் சேர்ந்திருந்தான். வந்த அன்று கராஜ் கதவைத் திறந்து பார்த்தான். வேலைமேசை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தோட்டா செய்யும் பிரஸ்ஸை முடுக்கியிருந்த ஓட்டைகள் மட்டும் பலகையில் இருந்தன. ரைஃபிள் இல்லை, வெடிமருந்து டின் இல்லை. வீட்டுச் சாவி ஆபீஸ் நண்பன் திருமூர்த்தியிடம் இருந்தது. எதற்காக எடுத்திருப்பான் என்பது நஞ்சுண்டனுக்குப் புரிந்தது. கதவை மூடினான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நஞ்சுண்டன் வேட்டைக்காரன் அல்ல. ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். கன் ஷோ ஒன்றில் பழைய ஜெர்மானிய ராணுவ ரைஃபிளைப் பார்த்தான். அதன் பின்வாயை மூடும் போல்ட் வழுக்கிக்கொண்டு பூட்டிய விதம் பிடித்துப்போய் வாங்கிவிட்டான். அது எட்டு மில்லிமீட்டர் மவுசர். மீண்டும் நிரப்பிச் சுடக்கூடிய பித்தளைத் தோட்டாக் கூடுகள் அதற்குச் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் சுட்டுப் பழகும் ரேஞ்சில் குனிந்தால் அமெரிக்கர்கள் சுட்டுவிட்டுப் போட்டுப்போன, 30-06 என்று பொறித்த ‘தர்ட்டி ஆட் சிக்ஸ்’ கூடுகள் வேண்டிய மட்டும் கிடக்கும். இரண்டுக்கும் அடிப்பாகம் ஒன்றுதான். கூட்டுக்கு எண்ணெய் தடவி, டை எனப்படும் மவுசர் அச்சில் ஏற்றி, பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தினால் அதன் தோள் கீழே இறங்கும். மேலே மிஞ்சும் கழுத்தை அறுத்து, அரத்தால் பிசிறு நீக்கி, அளந்து பார்த்தால் ஒன்று இன்னொன்றாகியிருக்கும். அப்புறம் அடியில் பொறி கிளப்பும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு.

“ஏனுங்க, அடுத்தவன் சட்டைய வெட்டி உங்க அளவுக்குத் தைக்கறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? ஊர்லயே ஒரு டெய்லர் கடை போட்டிருக்கலாமுங்க” என்பாள் செல்வி.

எவ்வளவு தைத்தாலும் மாறாதது ஒன்று உண்டு. கூட்டின் அடியில் கம்பெனி பொறித்த எண். உருவம் மாறியபிறகும் அது 30-06 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் செய்து முடித்த டப்பாவின்மேல் டேப் ஒட்டி, உள்ளே இருப்பது என்ன என்று எழுதியே ஆகவேண்டும். இந்த வேலையில் கை வைக்கிற எவனுக்கும் இது முதல் பாடம். நஞ்சுண்டன் ஒருநாளும் தவறியவனில்லை.

மத்தியானம் திருமூர்த்தி சாப்பாட்டு டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். கோபிக்காரன். ஒரே டீம். அவன் மனைவி ஜலஜா தினமும் ஒரு டப்பா அதிகமாகக் கொடுத்தனுப்புகிறாள்.

“மறுபடியும் தயிர் சாதமா? அதை ஓரமா வை. ஜலஜா வாங்கிபாத் பண்ணியிருக்கா. சாப்பிடலேன்னா என்னைத்தான் திட்டுவா.”

“வை, சாப்படறேன்.”

“எங்க பக்கத்து வீட்டு வெய்ன் இல்ல, அவரு இன்னைக்கு விடியறப்பவே கெளம்பிட்டாரு. நாளைக்கு மான் சீசன் ஆரம்பமாமா. ட்ரக்குல ஒரு குடும்பத்தையே குடிவெக்கற சாமான். பழனிக்கு மொட்டை போடப் போறவங்ககூட இத்தனை எடுத்துட்டுப் போகமாட்டாங்க.”

நஞ்சுண்டன் கத்தரிக்காயைத் தள்ளிவைத்துவிட்டுச் சோற்றைத் தின்றான்.

“உனக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாரு.”

“எனக்கு எதுக்கு?”

திருமூர்த்தி ஸ்பூனை டப்பாவுக்குள் வைத்தான். இவ்வளவு நாள் பேசாமல் இருந்த விஷயத்துக்குள் தானே காலை விட்டுவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அது வந்து மாப்ளே... நீ ஊருக்குப் போயிருந்தப்ப உன்ற ஜாமானெல்லாம் எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்தோமில்ல. துப்பாக்கி க்ளாசட்ல பத்திரமா இருக்குது. தோட்டா மட்டும் வீட்ல வேண்டாம், கொழந்தை இருக்கற எடம்னு ஜலஜா ஒரே புடியா நின்னுட்டா. அதான் வெய்னுக்குக் குடுத்துட்டேன்.”

“எந்தத் தோட்டா?”

“ஒரு அட்டை டப்பா இருந்துச்சே. கம்பெனி டப்பா. அவரு வெச்சிருக்கறதும் அதே சைஸ்தான். டேய், நான் ஒண்ணும் கண்ண மூடிட்டுக் குடுக்கல. டப்பால தர்ட்டி ஆட் சிக்ஸ்னு போட்டிருந்துச்சு. ஒண்ண எடுத்துத் திருப்பிப் பாத்தேன், அடியிலயும் அதேதான். ரெண்டு எடத்துல வெரிஃபை பண்ணிட்டுத்தான் குடுத்தேன்.”

நஞ்சுண்டன் வாயில் இருந்ததை விழுங்கினான்.

“டேப் ஒட்டியிருந்துச்சா?”

“டேப்பெல்லாம் ஒண்ணும் இல்லியே.”

“அது எட்டு மில்லிமீட்டர்” என்று எழுந்தான்.

வெய்னின் மனைவிக்கு போன் செய்தார்கள். வேட்டைக்கு வாடகைக்கு எடுத்திருக்கும் நிலம் ப்ரவுன்வுட் தாண்டி இருக்கிறது, அங்கே போன் கிடையாது என்றாள். நிலத்துக்காரரின் நம்பர் கொடுத்தாள். அந்த நம்பரில் மெஷின்தான் எடுத்தது. நஞ்சுண்டன் மெசேஜ் விட்டான். அதை யாராவது இன்றைக்குள் கேட்பார்களா என்று தெரியாது. ஷெரீஃப் ஆபீசில் ஒரு பெண் பொறுமையாக எழுதிக்கொண்டு, சீசன் ஆரம்பத்தில் ஆள் குறைவு, முடிந்தால் அனுப்புகிறோம் என்றாள். வழியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு திருமூர்த்தியின் காரில் கிளம்பிவிட்டார்கள்.

ஃபோர்ட் வொர்த் தாண்டியதும் திருமூர்த்தி கேட்டான்.

“நாளைக்குக் காலைலதானே சுடுவாரு?”

“இன்னைக்கே ரெண்டு மூணு சுட்டுப் பாப்பாரு. குறி சரியா இருக்கான்னு.”

“அந்தத் தோட்டா அவரு துப்பாக்கில நொழையவே நொழையாதுன்னு வெச்சுக்க. அப்ப பிரச்சனை இல்லைல்ல?”

“கொஞ்சம் இறுக்கும். பலமாத் தள்ளினா பூட்டிக்கும்.”

“சுட்டா?”

“குண்டு குழலவிடப் பெருசு. முன்னாடி போக வழி இருக்காது. போல்ட் பின்னாடி வரும்.”

“பின்னாடின்னா?”

“மூஞ்சிக்கு.”

திருமூர்த்தி வேகத்தைக் கூட்டினான்.

சாலையின் இருபுறமும் காய்ந்த புல். நஞ்சுண்டன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாக உடம்பு முழுக்க விழித்திருந்தது. கை கால் அவனுடையதாக இருந்தது. ஸ்டீஃபன்வில் வந்தபோதுதான் கவனித்தான், மத்தியானத்திலிருந்து செல்வியை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஒருவன் முகம் சிதறிவிடக்கூடும் என்ற பயத்தில் தனக்கு உயிர் வந்திருக்கிறது. அதை நினைத்ததும் அருவருப்பாக இருந்தது.

“எல்லாம் நான் பண்ணின வேலை” என்றான் திருமூர்த்தி.

“நீ பண்ணல.”

“உன்னைக் கேக்காம எடுத்தது தப்பு. நாங்க எதுக்கு எடுத்தோம்னு...”

“தெரியும்.”

“ஜலஜாதான் பயந்துட்டே இருந்தா. திரும்பி வந்தா தனியா இருப்பாரு, துப்பாக்கியும் இருக்கு, நீ போய் எடுத்துட்டு வர்றியா, நான் போகட்டுமான்னா.”

“அவகிட்டச் சொல்லு, அந்த நெனப்பு எனக்கு வரல.”

“நெஜமா?”

“வந்திருந்தாக்கூடப் பரவாயில்லை. அதுவும் வரல.”

திருமூர்த்தி அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தான். கொஞ்ச தூரம் போனதும், நஞ்சுண்டன் மனசைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“இங்க பாரு நஞ்சு. தலைவலின்னு சொன்னாங்க, நீ ஆஸ்பத்திரி போலாம்னு கூப்பிட்டே, அவங்க வேண்டாம்னுட்டாங்க. அதுக்கு மேல நீ என்னடா பண்ணுவே? தூக்கிட்டா போகமுடியும்? உன்ற அத்தையே சொன்னாங்கல்ல, சின்னப் புள்ளைலயிருந்தே ஊசின்னா ஓடிப்போயிருவான்னு.”

நஞ்சுண்டன் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். செல்வி அப்படி எதுவும் சொல்லவில்லை. அவனும் அவளைக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் கேட்டபோது அந்த வாக்கியம் தானாக வாயில் வந்தது. அடுத்து ஜலஜாவிடம் சொன்னான். பிறகு கோயமுத்தூருக்கு போன் போட்டு மாமியாரிடம் சொன்னான். மூன்றாவது தடவைக்குள் அது நடந்த விஷயம்போலவே ஆகிவிட்டது. பவானியில் படியில் உட்கார்ந்து மாமியார் வசந்தாமணி அழுதாள். “எம்புள்ள புடிவாதக்காரி. உங்க பேச்சையும் கேக்காமப் போயிட்டாளே” என்றாள். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா தன் கையால் அவனுக்கு இலை போட்டுச் சோறு வைத்தாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்ள, நீங்க என்ன செய்வீங்க என்றாள். அவன் போட்டுக்கொண்டு தின்றான்.

ப்ரவுன்வுட் தாண்டி மண்பாதையில் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வெய்னின் மனைவி சொன்ன அடையாளங்கள் எல்லாம் சரியாக வந்தன. காற்றாடி. தண்ணீர்த் தொட்டி. சங்கிலி போட்ட இரும்புக் கேட். திருமூர்த்தி காரை நிறுத்தி இறங்கும்போது, உள்ளே மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

இருவரும் அப்படியே நின்றார்கள். ஒரு பறவைக் கூட்டம் கிளம்பிப் போனது. வேறு சத்தம் இல்லை, அலறலும் இல்லை.

நஞ்சுண்டன் கேட்டின்மேல் ஏறிக் குதித்து ஓடினான். ஆபீஸ் ஷூ கல்லில் வழுக்கியது. ஒரு தடவை விழுந்து எழுந்தான். “நிறுத்துங்க, சுடாதீங்க” என்று இங்கிலீஷில் கத்தினான். குரல் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

வெய்ன் ட்ரக் பானெட்டின்மேல் மணல் மூட்டையை வைத்து, அதன்மேல் ரைஃபிளைச் சாய்த்திருந்தார். கனத்த ஆள், நரைத்த மீசை. பிளேனோவில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். காதடைப்பைக் கழற்றாமலே திரும்பிப் பார்த்தார். உள்ளங்கை போல்ட்டின் கைப்பிடிமேல் இருந்தது.

நஞ்சுண்டனுக்கு மூச்சு வாங்கியது. டப்பாவைக் காட்டினான். தன்னைக் காட்டினான். “அது தப்பு. அது தர்ட்டி ஆட் சிக்ஸ் இல்லை.”

வெய்ன் குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தினார். அவசரப்படாமல் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். குழலின் அறைக்குள் பாதி நுழைந்திருந்த தோட்டா வெளியே துள்ளியது. மிச்சத்தையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, பானெட்டில் விரித்திருந்த துண்டின்மேல் உருட்டினார். முதலில் சுட்டது போன வருஷம் மீந்த தோட்டா. அதற்கப்புறம்தான் இவற்றைப் போட்டிருக்கிறார்.

நஞ்சுண்டன் இரண்டு வகையிலும் ஒன்றை எடுத்து அடுத்தடுத்து நிறுத்தி வைத்தான். மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்தில் வைத்தால்தான் தெரியும், ஒன்றின் தோள் தாழ்ந்திருப்பதும், வாய் அகலமாக இருப்பதும், நுனியில் தடித்த குண்டு உட்கார்ந்திருப்பதும்.

வெய்ன் வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“போல்ட் இறுக்கமாக இருந்தது. புதுத் தோட்டா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டப் போனேன்” என்றார்.

திருமூர்த்தி அப்போதுதான் வந்து சேர்ந்தான். ட்ரக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

“யார் செய்தது?” என்று வெய்ன் கேட்டார்.

“நான்.”

வெய்ன் ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “சுத்தமான வேலை. ஒரு கீறல் இல்லை. இவ்வளவு தெரிந்த ஆள் இதைக் கொண்டுபோய் அந்த டப்பாவில் ஏன் போட்டாய்?”

நஞ்சுண்டன் மன்னிப்புக் கேட்டான். மறுபடியும் கேட்டான். மூன்றாவது தடவை வெய்ன் கையைத் தூக்கி நிறுத்தினார். தோட்டாக்களை டப்பாவில் போட்டு மூடி அவன் கையில் கொடுத்தார். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுக்க வந்தபோது பாதி துண்டின்மேல் சிந்தியது.

“என் மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டாம். அடுத்த வருஷம் என்னை விடமாட்டாள்” என்றார் திருமூர்த்தியிடம்.

காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். திருமூர்த்தி சாவியைப் போட்டவன் திருகவில்லை. இருவரும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பா நஞ்சுண்டனின் மடியில் இருந்தது.

“அவரு கேட்டதையே நானும் கேக்கறேன். உப்பு டப்பாவுக்கும் சக்கரை டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டற ஆளுடா நீ. இதுல ஏன் ஒட்டல?”

“சுடறதுக்காகச் செய்யல.”

“பின்னே?”

“முடிக்கணும்னு செஞ்சேன். முடிஞ்சதும், ரேஞ்சுல கூடு பொறுக்கிட்டு வந்த டப்பா ஒண்ணு கைல ஆப்பட்டுது, அதுல போட்டேன்.”

“எப்ப செஞ்சே?”

“அவ போனதுக்கு மறுநா.”

திருமூர்த்தி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“மறுநான்னா... பாடி ஆஸ்பத்திரில இருந்துச்சே. பேப்பர் வர்லேன்னு குடுக்கல. நானும் ஜலஜாவும் உன்னைக் கொஞ்ச நேரம் படுன்னு சொல்லிட்டு, ஃப்யூனரல் ஹோமுக்குப் போனோம்.”

“படுக்கல. கராஜுக்குப் போனேன். கழுத்து சுட்டு வெச்ச கூடெல்லாம் மேசைல அப்படியே இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் மருந்து அளந்து போட்டேன். குண்டு வெச்சு அமுக்கினேன். நீங்க கதவத் தட்டினப்ப முடிச்சுட்டேன். கை கழுவிட்டு வந்து தொறந்தேன்.”

“அவங்க அங்க கெடக்கறப்ப...” திருமூர்த்தி மீதியை விழுங்கினான். அவன் குரலில் திட்டு இல்லை. நம்ப முடியாமல்தான் கேட்டான். “ஏன்டா?”

நஞ்சுண்டன் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினான்.

“செல்வி ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொல்லல, திரு. நான் கூப்புடவே இல்ல. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். அத்தைகிட்டயும்.”

பிறகு சொன்னான். பித்தளையை நெருக்கி நெருக்கி உருமாற்றும்போது அதன் கழுத்து விறைத்துப்போகும், அப்படியே விட்டால் விரிசல் விடும். அதனால் கழுத்தை மட்டும் கேஸ் டார்ச் நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். லேசாகச் சிவப்பு எட்டிப் பார்க்கும்போது தண்ணீரில் தள்ளிவிட வேண்டும். ஒரு கணம் தாண்டினால் கூடு வீண். வெளிச்சம் இருந்தால் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் செல்வி போன அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கராஜ் விளக்கை அணைத்திருந்தான். கதவின் அடியில் வெளிச்சம் வராமல் துண்டைச் செருகியிருந்தான். பாதி முடிந்திருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து கதவு திறந்தது. பகல் வெளிச்சம் மேசைவரை விழுந்தது. நெருப்பில் இருந்த கூட்டின் நிறம் காணாமல் போனது.

“‘ஏனுங்க’ன்னா. நான் திரும்பிப் பாக்கல. ‘கதவச் சாத்து, கலர் தெரியல’ன்னேன். அவ உடனே சாத்தல. கதவப் புடிச்சுட்டு நின்னா. எதுக்கோ வந்திருக்கா. எனக்கு அந்தக் கூடு வீணாப் போயிரும்னு இருந்துச்சு. முடிச்சுட்டுப் போனப்ப சோஃபால சாஞ்சிருந்தா. தூங்கறான்னு நெனச்சு டிவிய அணைச்சேன். குளிச்சேன். டீ போட்டேன். அப்பறம்தான் எழுப்பினேன்.”

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் வெய்ன் ட்ரக்கின் விளக்கைப் போட்டார்.

“கதவுகிட்ட நின்னாங்கல்ல” என்றான் திருமூர்த்தி மெதுவாக. “ஒண்ணுமே சொல்லாமயா போனாங்க?”

“சொன்னா.”

“என்னன்னு?”

“சரிங்க, அவசரமில்ல. முடிச்சுட்டே வாங்க.”